தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிரீன்

தமிழ் வளர்த்த சான்றோரைப் போற்றும் பொழுது நாம் பெரும்பாலும் புலவர்களையும், ஏடு தேடிப் பதிப்பித்தோரையும், அகராதி செய்தோரையுமே எண்ணுகிறோம். அயல்நாட்டிலிருந்து வந்தோருள்ளும் வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல் ஆகியோரின் பெயர்களே நம் மேடைகளில் மிகுதியாக ஒலிக்கின்றன. நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்துக்கொண்டே தமிழில் சொல் தேடிய மருத்துவர் ஒருவரும் அவர்களோடு வைத்து எண்ணத் தக்கவர். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துத் தமிழிலேயே நூலாக்கித் தந்த அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற முற்படுகிறோம்.

பிறப்பும் கல்வியும்

கிரீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் அமெரிக்க நாட்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த வூஸ்டர் நகரில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பர்த் திங்களில்தான் யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். சமயத் துறையில் எதிரெதிர் அணியில் நின்ற இவ்விருவரும் ஒரே காலத்தில் ஒரே தீபகற்பத்தில் வாழ்ந்து, தமிழ் உரைநடைக்கு வெவ்வேறு வழியில் தொண்டு செய்தனர் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

கிரீனின் குடும்பம் மக்கள் பலரைக் கொண்ட பெரிய குடும்பம். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் மாநகரை ஒன்றாக இணைத்து அமைத்த பெருமைக்குரியவர். தம்பியோ மருத்துவத்தை நாடினார். நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். ஊரிலேயே தொழில் நடத்திப் பொருள் ஈட்ட வாய்ப்பிருந்தும் மிஷன் பணியை ஏற்றுக் கீழ்நாடு செல்ல முடிவு செய்தார்.

அக்காலம் மேனாட்டு மருத்துவத்தில் புதுமை மலர்ந்த காலம். ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து, வலி தெரியாமல் அறுவை செய்யும் முறை 1846-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் காட்டப்பெற்றது. அந்நிலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. உணர்வின்மை என்று பொருள்படும் 'அனஸ்தீசியா' என்ற கிரேக்க வழிச் சொல்லை வழங்கலாம் என்று ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் அவ்வாண்டே கூறினார். ஆங்கிலமும் புதுப்பொருளுக்குத் தன் வீட்டில் சொல்லில்லாத பொழுது பிறர் வீட்டிலிருந்து எடுத்தே வாழ்ந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது. அடுத்த ஆண்டிலேயே, 1847-இல், கிரீன் கப்பலேறினார்.

மானிப்பாய் வாழ்வு

1816 முதல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் பணியாற்றி வந்தனர். அவர்கள் 1823-இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, உயர்தரக் கல்விக்குப் பெயர் பெற்றிருந்தது. கிரீனுக்கு முன்பே டாக்டர் ஜான் ஸ்கடர் அங்கு மருத்துவம் செய்திருந்தார். வேலூரில் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேத்தியே ஆவார்.

யாழ்ப்பாணம் சேர்ந்த கிரீன், 1848-இல் மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவ வகுப்பும் தொடங்கினார். அந்நாளில் வாந்திபேதியும் அம்மையும் ஊர்களை வாட்டின. ஒரு மருத்துவர் தனியொருவராக எத்தனை வீடுகளுக்குச் செல்ல இயலும்? உள்ளூர் இளைஞரைப் பயிற்றி ஊர்தோறும் அனுப்பினாலன்றி மக்கள் துயர் தீராது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். மிகச் சில மாணவரோடு தொடங்கிய வகுப்பு படிப்படியாக வளர்ந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் பணி புரிந்த காலத்தில் பயிற்றிய மருத்துவர் 60-க்கும் மேற்பட்டவர்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன; ஆசிரியரும் ஆங்கிலம் பேசுபவர்; வட்டுக்கோட்டையில் பயின்ற மாணவரும் ஆங்கிலம் அறிந்தவர். ஆயினும் நாளடைவில் ஓர் உண்மை கிரீனுக்குப் புலனாயிற்று. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் கிராமத்தில் தங்குவதில்லை. அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடிப் போய்விடுகின்றனர். எந்த ஊரின் நோய் தீர்க்கப் பயிற்றினாரோ அந்த ஊர் மருத்துவர் இன்றியே நின்றது.

இதனைக் கண்ட கிரீன் தமிழில் கற்பிப்பதென்று துணிந்தார். தமிழில் கற்றவர் தமிழரிடையே வாழ்வார். நோயாளி சொல்வதை அவர் சொல்லிலேயே கேட்பார். மருந்தின் இயல்பையும் உடம்பின் இயல்பையும் வீட்டாருக்கு விளங்க உரைப்பார் என்பது அவர் கருத்து. மாணவர் ஐரோப்பிய உடை அணிந்து தம் மக்களிடமிருந்து வேறுபட்டு நிற்பதையும் அவர் விரும்பவில்லை. தமிழர் தமிழராகவே இருந்து புதிய அறிவைப் பெறவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். சமயம் பரப்ப வந்த அவருடைய நோக்கங்கள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் இந்த ஒரு கொள்கையில் அவர் தம் காலத்தாரினும் பல படி முன்னே நின்றார்.

1857-இல் உடல்நலங் குன்றித் தாயகம் சென்ற கிரீன், திருமணம் செய்துகொண்டு 1862-இல் மனைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இவ்விரண்டாம் வருகைக்குப் பின்னரே தமிழ் மருத்துவ வகுப்பு முழு உருப் பெற்றது. அவரிடம் பயின்றோருள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றுத் தேர்ந்தவர் ஆவர்.

சொல் தேடிய வகை

தமிழில் கற்பிக்கத் துணிவது எளிது. வகுப்பில் நின்று வாய் திறந்த உடனே சொல் வேண்டும். எலும்புக்கும் தோலுக்கும் தமிழில் சொல் உண்டு. எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும், குருதிக் குழாயின் ஒவ்வொரு கிளைக்கும் எங்கே சொல் இருக்கிறது? இங்கேதான் கிரீனின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது.

மேனாட்டு மருத்துவச் சொற்கள் பிறந்த வகையை அறிந்தால் அவ்வுழைப்பின் அருமை விளங்கும். உடலின் உள்ளமைப்பைக் கூறும் நூலுக்கு 'அனாட்டமி' என்று பெயர். அது வெட்டிப் பிரித்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தசையைக் குறிக்கும் 'மசில்' என்ற சொல்லோ, சிற்றெலி என்று பொருள்படும் இலத்தீன் சொல். கையை மடக்கும் பொழுது தோலுக்கடியில் தசை ஓடுவது எலி ஓடுவது போல் தோன்றிற்றாம்! இதயத்திலிருந்து குருதி கொண்டு செல்லும் குழாய்க்கு வழங்கும் 'ஆர்ட்டரி' என்னும் பெயர் பழங் கிரேக்கத்தில் மூச்சுக் குழலையும் குறித்தது. இறந்தார் உடலில் அக்குழாய்கள் குருதியின்றிக் கிடந்தமையால் அவற்றில் காற்றே ஓடுகிறது என்று அக்காலத்துப் பண்டிதர் பலர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது; பெயர் மட்டும் நிலைத்தது.

தமிழிலோ வேறொரு சங்கடம். இங்கே சொல் இல்லாமையினும், ஒரு சொல்லே பல பொருளில் வழங்கியமையே பெரிய இடராக இருந்தது. நரம்பு என்ற சொல் உணர்ச்சி நரம்பையும் குறிக்கும். கையில் பச்சையாகத் தெரியும் குருதிக் குழாயையும் குறிக்கும். யாழின் தந்தியையும் குறிக்கும். நாடி என்பது மருத்துவர் விரல் வைத்துப் பார்க்கும் துடிப்பும் ஆகும். அத்துடிப்பு ஓடும் குழாயும் ஆகும். பேச்சில் இது குற்றமன்று. அறுவைக் கத்தியைக் கையில் பிடித்த மாணவனுக்கோ எது எதுவென்று ஐயமறத் தெரியவேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் வரையறை அவனுக்கு உயிர் காக்கும் வேலியாகும்.

கிரீன் இதற்கென மூன்று படிகளைக் கொண்ட ஒழுங்கினை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல். அது கிடைக்காவிடில் வடமொழியிலிருந்து ஏற்ற சொல்லை எடுத்தல். அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்க எழுதுதல். இம்மூன்றுக்கும் அவர் நூற்பெயர்களே சான்றாகும். உள்ளுறுப்புகளைக் கூறும் நூலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டார். அது நம் பழைய வைத்திய மரபில் முன்பே வழங்கிய பெயர். யாழ்ப்பாணத்திற்குச் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்கள் கொண்ட நீண்ட மரபு உண்டு. புதிய கல்வியைப் பழைய பெயரால் அழைத்ததனால் அது அயலான் பொருளன்று என்னும் உணர்வு மாணவர்க்கு உண்டாயிற்று. உறுப்புகளின் தொழிலைக் கூறும் நூலுக்கு 'சுகரணம்' என்று வடசொல் வழியே பெயர் வைத்தார். மூன்றாவதாக, 'கெமிஸ்ட்ரி' என்னும் கலைக்கு அவ்வோசையைத் தழுவியே 'கெமிஸ்தம்' என்று பெயர் தந்தார். அச்சொல்லைக் கேட்டு இன்று நாம் புன்முறுவல் கொள்ளலாம். ஆனால் பிறமொழிச் சொல்லைத் தமிழ் உடுத்தி அழைத்துவரும் அழகு அதில் இருக்கிறது.

நூற் செல்வம்

கிரீன் தனித்து நின்று இப்பணியைச் செய்யவில்லை. டான்வர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய தமிழ் மாணாக்கர் அவருக்குத் துணை நின்றனர். மிஷன் பள்ளிகளில் அமெரிக்க அன்பர்களின் பெயரை மாணவர்க்கு இடும் வழக்கம் இருந்தமையால் சிலர் பெயர் அயற்பெயராகத் தோன்றும், ஆட்கள் தமிழரே.

மானிப்பாயில் இவ்வாறு உருவான நூல்களைப் பார்ப்போம். கால்வின் கட்டர் என்பார் எழுதிய உடலியல் நூல் 1850-களிலேயே தமிழாயிற்று. மான்செல் என்பாரின் நூலைத் தழுவிய 'பிரசவ வைத்தியம்' 1857-இல் வெளிவந்தது. துருயிட் எழுதிய அறுவை நூல் 'இரண வைத்தியம்' என்னும் பெயரால் 1867-இல் வந்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் பெயரறிந்த கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872-இல் தமிழில் வந்தது. அது ஆங்கிலத்தில் முதன்முதல் வெளிவந்தது 1858-இல். ஆங்கிலேயர் கையில் நூல் புகுந்து 14 ஆண்டுகளுக்குள் தமிழர் கையிலும் புகுந்துவிட்டது என்பதை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். ஹூப்பரின் நூலாகிய 'வைத்தியாகரம்' அதே 1872-இலும், வெல்ஸ் என்பாரின் 'கெமிஸ்தம்' 1875-இலும் வந்தன. இவையன்றி, ஆங்கிலச் சொல்லுக்கு நேர் தமிழ்ச் சொல் காட்டும் கலைச்சொற் பட்டியல்களையும் கிரீன் அச்சிட்டார்.

இவை கதை நூல்கள் அல்ல. பல நூறு பக்கங்கள் கொண்ட பாட நூல்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முன்பின் இல்லாத சொற்கள் எழும். பகலெல்லாம் நோயாளரைப் பார்த்து, வகுப்பும் நடத்திய ஒருவர் இவற்றையும் செய்து முடித்தார் எனில் அவ்வுறுதியை என்னென்பது!

இறுதி நாட்கள்

1873-இல் உடல் தளர்ந்து கிரீன் தாயகம் திரும்பினார். ஓய்வு கொள்ளும் வயதும் நிலையும் வந்துவிட்டன. ஆனால் தமிழ் அவரை விடவில்லை. அவரும் தமிழை விடவில்லை. தமிழ் ஒலியே கேளாத வூஸ்டரில் வாழ்ந்துகொண்டே அவர் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். டால்டனின் நூல் 'மனுஷ சுகரணம்' என 1883-இலும், இந்திய மருந்துச் சரக்குகளைக் கூறும் 'இந்து பதார்த்த சாரம்' 1884-இலும் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதம் 28-ஆம் நாள் கிரீன் இவ்வுலக வாழ்வை நீத்தார். தம் கல்லறையில் தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. பிறந்த மண்ணில் துயிலும் ஒருவர் தம்மை இன்னாரென்று கூற நம் இனத்தின் பெயரைக் குறித்துச் சென்றது நெஞ்சை நெகிழ்விக்கும் செயலாகும். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவமனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

சொற்களுக்கு நேர்ந்தது

கிரீன் ஆக்கிய சொற்கள் இன்று எங்கே? அங்காதிபாதம் என்றால் நமக்குப் புரிவதில்லை, உடற்கூற்றியல் என்கிறோம். சுகரணம் மறைந்தது. தமிழ்நாட்டார் உடலியங்கியல் என்றும், இலங்கையர் உடற்றொழிலியல் என்றும் வழங்குகின்றனர். கெமிஸ்தமும் போயிற்று. இலங்கையில் இரசாயனம் என்றும் தமிழ்நாட்டில் வேதியியல் என்றும் அக்கலை பெயர் பெற்றது. குருதிக் குழாய்களுக்கு இலங்கைப் பாட நூல்கள் நாடி, நாளம் என்கின்றன. தமிழ்நாட்டு நூல்கள் தமனி, சிரை என்கின்றன.

அவருடைய சொற்கள் நல்லன அல்ல, வடசொல் மிகுந்தன, ஆதலின் அழிந்தன என்று சிலர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பிராணவாயுவுக்கு 'ஆக்சிஜன்' எனப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியே. புளிப்பை, அதாவது அமிலத்தை, உண்டாக்குவது என்பது அப்பெயரின் பொருள். எல்லா அமிலத்திலும் அவ்வாயு இருக்கிறது என்று அவர் எண்ணினார். அது பிழை என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பெயரோ இன்றும் உலகை ஆள்கிறது. இருப்புப் பாதையில் பணி புரியும் நமக்கு வேறு சான்றும் வேண்டுவதில்லை. மின்சாரத்தால் ஓடும் வண்டியில் புகை ஏது? ஆயினும் அதனைப் புகைவண்டி என்பார் இன்றும் உளர். பிழையான சொல்லும் வழக்கில் இருந்தால் வாழும். செம்மையான சொல்லும் வழங்குவார் இல்லையெனில் மாளும்.

கிரீனின் சொற்களுக்கு நேர்ந்தது இதுவே. கொழும்பில் 1870-இல் தொடங்கிய அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. பதவியும் மதிப்பும் அதன் பக்கம் இருந்தன. மானிப்பாயில் தமிழ் வகுப்பு கிரீனுக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வகுப்பு மூடியதும் நூல்களைத் திறப்பாரும் இல்லாமற் போயினர். பின்னர் 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களுக்கெனக் கழகம் கண்டு இதழ் நடத்தினர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டனர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. ஆயினும் முன்னவர் இட்ட சொல்லைப் பின்னவர் பயன்படுத்தும் வாய்ப்புக் குறைந்தமையால், நாம் மீண்டும் மீண்டும் முதற்படியிலேயே ஏறி நிற்கிறோம்.

நாம் கொள்ள வேண்டுவது

ஆங்கிலம் கற்ற இளைஞர் ஊரை விட்டுப் போய்விடுகின்றனர் என்று கிரீன் வருந்தினார். அவ்வாறு போனவரின் வழிவந்தவர் போன்றோரே நாம். நாமும் நான்கு எழுத்து ஆங்கிலம் கற்று, அதனால் கிடைத்த உத்தியோகத்தை நாடி, ஊரும் உறவும் விட்டு இவ்வடபுலம் வந்து சேர்ந்தோம். அதனைக் குறையாகக் கூறவில்லை, வயிற்றுப்பாடு அத்தகையது. ஆனால் அதன் விலையை நாம் அறிவோம்.

ஊரிலிருந்து வந்த நம் தாயார்க்கு நெஞ்சுவலி என்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். அவர் கரிப்பு என்பார், குடைச்சல் என்பார், படபடப்பு என்பார். ஒவ்வொன்றும் வெவ்வேறு நோய்க்குறி. இடையில் நின்று மொழிபெயர்க்கும் நாம் எல்லாவற்றையும் வலி என்னும் ஒரே சொல்லில் அடக்கி மருத்துவரிடம் சொல்கிறோம். தாயார் சொன்னது மருத்துவரைச் சேரவில்லை. மருத்துவர் சொன்னதும் தாயாரைச் சேரவில்லை. சொல் குறைந்த இடத்தில் உயிருக்கே இடர் வரக்கூடும் என்பதை அப்பொழுது உணர்கிறோம். நம் பிள்ளைகளுக்கோ கரிப்பும் குடைச்சலும் கேட்டறியாத சொற்களாகிவிட்டன. நாளை நமக்கு நோவு வந்தால் அதை அவர்களிடம் எம்மொழியில் உரைப்போம்?

இதற்குப் பெருந்திட்டம் எதுவும் வேண்டியதில்லை. உடலுறுப்புகளின் பெயரையும், நோயின் பெயரையும், வலியின் வகைகளையும் வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் பேசுவோம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் திருக்குறளோடு இச்சொற்களுக்கும் கால்மணி நேரம் ஒதுக்குவோம். எங்கோ பிறந்த ஒருவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நம் மொழியில் சொல் தேடுவதற்கு அளித்தார். தேடித் தந்த சொல்லை வழங்குவதேனும் நம் கடமையன்றோ!

வாழ்க டாக்டர் கிரீன் புகழ்! வளர்க தமிழ்!